மூன்றாம் ஓலை

பாக்கியசீலனின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த அன்றைக்குத்தான் நான் பழிவாங்கத் தொடங்கினேன். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் பங்குச் சாமியார் அறிவிப்பார். மூன்று ஓலை, மூன்று வாரம். எனக்கு அது தாராளம். கல்யாணம் நின்றாலும் சரி, நடந்தாலும் சரி, ஊர் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். அதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

கன்னியாஸ்திரி ஆகப் போகிற பெண் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகக் கேளுங்கள். நானும் என்னிடம் கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது.

என் பெயர் எலிசபெத். வயது இருபத்து நான்கு. முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். அம்பாசமுத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா தங்கபுஷ்பம் பீடி சுற்றுகிறாள். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஈரல் கெட்டுச் செத்துப்போனார். கடைசி இரண்டு மாதம் அவரைக் கன்னியர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அம்மாகூட மூக்கைப் பொத்திக்கொண்டு தொடுகிற துணிகளை ஒரு சிஸ்டர் எடுத்துப்போய் அலசிக் காயப்போடுவார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அலசிவிட்டு வந்து அப்பாவிடம், "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கஞ்சி குடிச்சீயளா?" என்று கேட்பார்கள். நாமும் இப்படி ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பன்னிரண்டு வயதில் எடுத்த முடிவு, அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஆட்டம் காணவில்லை.

இருபது வயதில் எல்லாம் கூடி வந்தது. மடத்தில் நேர்காணல் முடிந்தது. வெள்ளைத் துணி எடுத்துத் தைத்தாயிற்று. எங்கள் பங்கின் இளையோர் இயக்கத்தில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தி, செபமாலை பரிசு கொடுத்தார்கள். கேக் வாங்கிக்கொண்டு வந்தவன் பாக்கியசீலன். அவன்தான் இயக்கத்துக்குச் செயலாளர், பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவனும் அவனே. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

நான்கு நாள் கழித்து மடத்திலிருந்து கடிதம் வந்தது. தற்போது உங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை, உங்களுக்காகச் செபிக்கிறோம். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வரி கிடையாது. ஊர் சும்மா இருக்குமா? "மடத்துலயே வேண்டாம்னுட்டாவளாமே, பிள்ளைகிட்ட என்ன கோளாறோ" என்று குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். என்னைப் பெண் கேட்டு வரவும் ஆள் இல்லை, மடத்துக்கும் நான் ஆகவில்லை. தைத்த வெள்ளைத் துணியை அம்மா பீரோவின் அடியில் வைத்துப் பூட்டினாள். "போனாப் போகுது, நான் ஒருத்தி இருக்கேம்லா" என்றாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் சர்க்கரை பார்க்க ஒரு சிஸ்டர் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். பிலோமின் சிஸ்டர். அன்றைக்கு மடத்தில் என்னை நேர்காணல் செய்தவர். நரம்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை உற்றுப் பார்த்து, "நீ முக்கூடல் பக்கத்துப் பிள்ளைதானே?" என்று கேட்டார்.

"ஆமா சிஸ்டர். நீங்க வேண்டாம்னு சொன்ன பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினேன். வலிக்காமல்தான் குத்தினேன், சத்தியமாக.

அவர் முகம் வாடிப்போயிற்று. அடுத்த வாரம் திரும்பி வந்து, ஒரு பழைய உறையை என் கையில் கொடுத்தார். "ஒன்னப் பத்தி இப்படி ஒரு கடுதாசி வந்துது. அப்ப மடத்துல பொறுப்புல இருந்த மதர், பிரச்சினை வேண்டாம்னு ஒன்ன நிறுத்திட்டாங்க. நாங்க ஊருக்கு வந்து விசாரிச்சிருக்கணும். தப்பு எங்க மேலதான். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் சேக்கலாம். ஜூன் மாசம் வா. பங்குச் சாமியார்கிட்ட பரிந்துரை மட்டும் எழுதி வாங்கிக்க. இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு வா."

கிழித்தேனா நான்? பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

எலிசபெத் என்கிற பெண் வேற்று மதத்துப் பையனோடு மணிமுத்தாறு பக்கம் சுற்றித் திரிந்தவள், அவன் பைக்கில் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது, இப்படிப்பட்டவளைச் சேர்த்தால் உங்கள் சபைக்குத்தான் கெட்ட பெயர் என்று எழுதியிருந்தது. கீழே பெயர் இல்லை, "உண்மை விசுவாசி" என்று இருந்தது. நடந்தது என்ன தெரியுமா? கல்லூரியிலிருந்து நாற்பது பேர் மணிமுத்தாறு அருவிக்குப் போனோம். பாறையில் வழுக்கி என் கணுக்கால் பிசகிக்கொண்டது. கூடப் படித்த அலி அஸ்கர் தன் பைக்கில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். அம்மா கையால் ஒரு காப்பி குடித்தான். அதற்குத்தான் இந்தப் பெயர்.

ஆனால் எழுதியவன் ஒரு தப்பு பண்ணியிருந்தான். கையெழுத்தைச் சாய்த்து மாற்றியிருந்தான், பெயரை மறைத்திருந்தான். காகிதத்தின் தலைப்பில் மட்டும், நட்ட நடுவில், சின்னதாக ஒரு சிலுவை போட்டு "இ.ம.சூ." என்று எழுதியிருந்தான். இயேசு, மரி, சூசை. எந்தக் கடிதத்தையும் திருக்குடும்பத்தின் பெயரால் தொடங்குவது பழைய வேதக்காரர்களின் வழக்கம். மொட்டைக் கடிதம் எழுதும்போதுகூடக் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அடப்பாவி, என் குடியைக் கெடுக்கத் திருக்குடும்பத்தைக் கூட்டுச் சேர்த்தாயா!

எங்கள் ஊரில் என் தலைமுறையில் இன்னும் அப்படி எழுதுகிறவன் ஒரே ஒருவன். கோயில் அலமாரியில் இருந்த இளையோர் இயக்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அதே சிலுவை, அதே இ.ம.சூ. பாக்கியசீலன் சாமியாராகப் போவதற்காகக் குருமடத்தில் இரண்டு வருடம் படித்தவன். அங்கே முடியவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தான் போய்ச் சேராத இடத்துக்கு நான் போகிறேன் என்று அவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலோடு எனக்குக் கேக் வேறு வாங்கி வந்திருக்கிறான்.

ஃபாதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கை குலுக்கச் சொல்லி, ஒரு செபம் சொல்லி அனுப்பிவிடுவார். எனக்கு அது வேண்டாம். நான்கு வருடம் ஊர் முன்னால் நின்றவள் நான், அவனும் ஊர் முன்னால்தான் நிற்க வேண்டும்.

அதற்கு வழி என் கையிலேயே இருந்தது. ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு வரும். ஐந்து வேண்டுதல்கள். ஒருவர் மைக்கில் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாசிப்பு என் முறை. வார்த்தைகளையும் நாங்களேதான் எழுதுவோம். எங்கள் பங்குத்தந்தை லூர்துநாயகம் முன்கூட்டிப் பார்க்க மாட்டார். பிள்ளைகள் எழுதுகிறதை ஆண்டவர் திருத்திக்கொள்வார் என்பார். ஆண்டவர் என்னுடையதைத் திருத்தவில்லை.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, முதல் ஓலை. நான் நான்காவது வேண்டுதலை இப்படி வாசித்தேன்: "பெயர் சொல்லாமல் கடிதம் எழுதிப் பிறர் வாழ்வைக் கெடுப்பவர்கள், தங்கள் பாவத்தை உணர்ந்து வெளியே வந்து சொல்ல வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை, அரைத் தூக்கத்தில். முந்நூறு பேர் எனக்காக அவனைச் சபித்தார்கள், அவர்களுக்கே தெரியாமல்! எனக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ந்தது. கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த பாக்கியசீலன் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காணிக்கைப் பாட்டில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தான். பூசை முடிவில் ஃபாதர் ஓலை வாசித்தார். பாக்கியசீலனுக்கும், வள்ளியூர் பங்கைச் சேர்ந்த சகாய ஷாமிலிக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நெஞ்சில் இதை வைத்துக்கொண்டு கை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் இருந்ததே தவிர, நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாம் ஓலை அன்றைக்குக் கொஞ்சம் நெருங்கினேன்: "மடத்துக்குச் செல்லும் பெண் பிள்ளையின் மீது அவதூறு எழுதி, அந்தக் காகிதத்தின் தலைப்பிலேயே இயேசு, மரி, சூசையின் பெயரையும் எழுதத் துணிந்தவர், மணமேடை ஏறும் முன் மனம் திரும்ப வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை தூக்கம் கலைந்துவிட்டது. பாதிப் பேர்தான் பதில் சொன்னார்கள், மீதிப் பேர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். மணமேடை என்றால் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? பூசை முடிந்து வெளியே வருவதற்குள் பெண்கள் பக்கத்தில் பேர் அடிபட்டுவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வள்ளியூருக்குப் போன் போயிருக்கும்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "எலிசபெத்து, மன்றாட்டு வேற, மண்ணை வாரித் தூத்துறது வேற. நீ தூத்துத. அடுத்த வாரம் எழுதினதை எங்கிட்ட காட்டிட்டுத்தான் வாசிக்கணும்."

"சரி ஃபாதர்" என்றேன். காட்டுவதற்கு ஒன்றும் வாசிப்பதற்கு ஒன்றுமாக இரண்டு எழுதிக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்துக்குட்டி இந்த வேலை? அந்தப் பய பாவம். கலியாண நேரம்" என்றாள்.

"அவன் பாவமா? எம் பொழப்பக் கெடுத்தவன் பாவமா? ஒனக்கு என்னம்மா அவன் மேல அம்புட்டு கரிசனம்?"

"கரிசனம் இல்லட்டி. நடந்தது நடந்துபோச்சு. நீதான் ஜூன்ல போவப்போறியே. பெறகு என்னத்துக்கு?"

"நான் போறது போவேன். அவன் கணக்கை முடிச்சுட்டுப் போவேன்."

அம்மா கத்தரியை எடுத்தாள். இலைக்குப் பதில் விரலில் வெட்டிக்கொண்டாள். நான் போய்த் துணி சுற்றிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மடத்துக்குப் போகிற பிள்ளை இப்படிப் பேசுகிறதே என்று வருத்தப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் பாக்கியசீலன் என் முன்னால் வந்து நின்றான். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எழுதினது நான்தான், எலிசபெத்து" என்றான். "என்ன மன்னிச்சிரு. நீ என்ன சொன்னாலும் செய்யுதேன். ஊர்க் கூட்டத்துல வச்சுக் கேளு, கால்ல விழுதேன். கோயில்ல மட்டும் வேண்டாம்."

"ஏன், கோயில்ல வேண்டாம்? சாமி பாத்துருவாரா?"

அவன் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, ஏன் எழுதினீய? அதையாவது சொல்லுங்க அண்ணே." கோபத்தில்கூட அண்ணே என்றுதான் வந்தது. என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அதைச் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா? அப்ப ஞாயித்துக்கெழமை கோயில்லயே பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மனதுக்குள் வாசித்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஓலை. வள்ளியூரிலிருந்து பெண்ணின் அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கீபோர்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கோயில் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமசுக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். எதைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? அம்மா பெண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி, முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபாதரிடம் காட்டிய தாளில் மழைக்காகவும் திருத்தந்தைக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டுதல் இருந்தது. முதல் மூன்றையும் அதிலிருந்தே வாசித்தேன். நான்காவதற்கு வேதாகமத்துக்குள் வைத்திருந்த தாளை எடுத்தேன்.

"எங்கள் பங்கைச் சேர்ந்த பாக்கியசீலன், எலிசபெத்தாகிய என்மீது பொய்க் கடிதம் எழுதி, என் இறையழைத்தலைக் கெடுத்த பாவத்துக்காக, இன்று இந்தச் சபையின் முன் வெட்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் அந்த வெட்கத்தைச் சுமக்க வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபாதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாக்கியசீலன் கீபோர்டில் கையை வைத்தபடி குனிந்திருந்தான். நான் கேட்ட வெட்கம் கிடைத்துவிட்டது. நான்கு வருடத்துக்கு வட்டியும் முதலுமாக அதை அள்ளிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அம்மா. எழுந்து நின்றிருந்தாள். முக்காடு விழுந்து கிடந்தது. "கேட்டருளும், கேட்டருளும்" என்று இரண்டு தடவை தனியாகச் சொன்னாள். என் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது. அவள் ஃபாதரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாமி, அந்தத் தம்பி கைதான் எழுதிச்சு. எழுதச் சொன்னது நானாக்கும். எங்கையெழுத்து மடத்துக்குத் தெரியும், சம்மதக் கடுதாசி நான்லா எழுதிக் குடுத்தேன். அதான் அவன் வீட்டுல போயி ரெண்டு நாளு அழுது எழுத வச்சேன். மணிமுத்தாத்துக் கதையை நாஞ்சொல்ல அவன் எழுதினான். இவ அப்பாவும் போயிட்டாரு. இவளும் போயிட்டா நான் யாரு மூஞ்சில முழிக்கது சாமி? அந்த வெக்கம் எனக்குத்தான் வரணும். அவனுக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு அங்கேயே முழங்காலில் விழுந்தாள். எனக்கு முன்னால் மைக் ஓடிக்கொண்டிருந்தது. என் மூச்சு இரைகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. கையிலிருந்த தாளில் ஐந்தாவது வேண்டுதல் என்ன என்று பார்த்தேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோமே. குழாயடியில் அவர்கள் பேசியதைச் சொல்லி நான் அழுதபோது, தன் மடியில்தானே என் தலையை வைத்துத் தடவினாள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் ஃபாதர். "சீலா, காணிக்கைப் பாட்டு வாசி." பாக்கியசீலன் வாசித்தான். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. நான் இறங்கிப் போய் ஒரு மூலையில் நின்றேன்.

பூசை முடிவில் ஃபாதர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில் நிறுத்தினார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே, மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் பாக்கியசீலன் நின்றான். நேரே அவனிடம் போனேன்.

"புதன்கெழமையே ஏன் சொல்லல அண்ணே?"

"சொன்னா நீ ஒங்கம்மாவைக் குத்துவ. என்னைய குத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றான். "நான் குருமடத்துல இருந்து திரும்பி வந்தன்னைக்கு, ஊரே துக்கம் விசாரிச்சிது. எங்கம்மா மட்டும் சிரிச்சா. அன்னைக்குத்தான் அவ வயிறாரச் சாப்பிட்டா. ஒங்கம்மா வந்து அழுதப்ப அந்த நெனப்பு வந்துட்டு. எழுதிட்டேன். தப்புதான். எழுதின கை என் கைதானே" என்றான்.

வள்ளியூர்க்காரர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, நீயே சொல்லு. கேட்டதெல்லாம் கேட்டாச்சு. இவருக்கு எம்மவளக் குடுக்கலாமா, வேண்டாமா? நீ வேண்டாம்னு சொன்னா இப்பவே பஸ் ஏறிருதேன்" என்றார்.

மூன்று வாரமாக நான் ஏங்கினது இதற்குத்தான். ஒரே ஒரு வார்த்தை. அவன் என்னைப் பார்க்காமல், கெபி மாதாவையும் பார்க்காமல், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். லேசில் இறங்கவில்லை.

"குடுங்க மாமா" என்றேன். "மத்தவங்க பழியத் தூக்கிச் சுமக்க ஆளு கெடைக்கது கஷ்டம்." அவனிடம் திரும்பி, "என்ன மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன். அவன் தலையாட்டினான். வெயில் ஏறிவிட்டது, கூட்டம் கலைந்தது.

ஃபாதர் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன். மேசையில் மடத்திலிருந்து வந்த பரிந்துரைப் படிவம் இருந்தது. பிலோமின் சிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தார்.

"ஒக்காரு" என்றார். "நீ செஞ்சது பெரிய தப்பு. கோயில வச்சு ஒருத்தன அடிச்சிருக்க. ஆனா கெபிகிட்ட நடந்ததையும் ஜன்னல் வழியாப் பாத்தேன், கேட்டேன். அவங்கிட்ட மன்னிப்புக் கேட்டியே, அது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால இன்னைக்கே இதை முடிச்சுருவோம். இருபது வயசுல போயிருக்க வேண்டிய பிள்ளை."

பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனார். பெயர். ஞானஸ்நானம் பெற்ற தேதி. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறாரா? ஆம். உடல்நலம்? நன்று. எனக்கு உள்ளுக்குள் பன்னிரண்டு வயதில் வந்த அந்த ஆசை மெல்லத் தலைதூக்கியது. இன்னும் ஒரு மாதம். ஒரே ஒரு மாதம்.

கடைசிக் கேள்விக்கு வந்ததும் சத்தமாக வாசித்தார். "விண்ணப்பதாரர் எவர்மீதாவது தீராத பகையோ வெறுப்போ கொண்டிருக்கிறாரா?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாக்கியசீலன் விஷயம் முடிஞ்சிது. இல்லன்னு போட்டுருதேன். சரிதானே?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கோயில் முற்றம் காலியாக இருந்தது. படிக்கட்டில் அம்மா மட்டும் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கிடந்த என் செருப்பை எழுந்துபோய் எடுத்து, புடவைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டி, தன் பக்கத்தில் நிழலில் வைத்தாள். அதைப் பார்த்து என் மனம் இளகும் என்று காத்திருந்தேன். உள்ளே சுள்ளென்று எரிந்ததே தவிர, ஒன்றும் இளகவில்லை.

"என்ன பிள்ளே, போட்டுரட்டா?" என்றார் ஃபாதர். பேனா தாளைத் தொட்டுவிட்டது.

"இல்லன்னு போடாதீங்க ஃபாதர்" என்றேன். "இருக்கு. எங்கம்மா மேல. இருக்குன்னே எழுதுங்க."